நன்றிக்காக ஓட்டுப் போடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில் ஒரு சின்ன கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறோம். என் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். உயில் எழுதி வைக்கவில்லை. அந்தச் சமயத்தில் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோது, எங்கள் கவுண்டியின் கிளார்க் ஆபீசில் என்னிடம் காட்டிய பொறுமையை என்னால் மறக்க முடியாது. 15 வயதுப் பெண்ணுக்கு அப்பா சொத்தில் வந்த பங்குக்கு நானே கார்டியன் (சட்டப்படியான பொறுப்பாளர்), வருடா வருடம் அங்கே கணக்குக் கொடுக்கிறேன். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. வருகிற நவம்பரில் என் முதல் ஓட்டு. அந்தக் கிளார்க் 24 வருடமாகப் பதவியில் இருப்பவர், மறுபடியும் நிற்கிறார். எதிர்த்து ஓர் இளம் வக்கீல் நிற்கிறார். ஃபைல்கள் தேங்கிக் கிடக்கின்றன, மாற்றம் வேண்டும் என்கிறார். பெரிய பையன், கட்சியைப் பார்த்துப் போடு என்கிறான். தோழியோ, கிளார்க்குக்கெல்லாம் எதற்கு ஓட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடு என்கிறாள். இதற்கு நடுவில் கிளார்க்குக்காகத் தேர்தல் வேலை பார்க்கும் ஒருவர், வீட்டு முன்னால் அவர் பெயர்ப் பலகையை நட்டுக்கொள்ளட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். மாட்டேன் என்றால் பெண்ணின் ஃபைலுக்கு ஏதாவது ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. நன்றிக்காக ஓட்டுப் போடுவது தப்பா? என் பெண்ணும் கூட வர ஆசைப்படுகிறாள். கூட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்தப் பயத்தைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா இல்லையா என்பது இந்த மாநிலத்தில் பொதுப் பதிவு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். அது கிளார்க்கின் மேஜைக்கு வரவே வராது. ஆனால் பலகை அப்படி இல்லை, தெருவில் போகிறவர் எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஃபைல் அந்த ஆபீசில் திறந்திருக்கும்வரை பலகை வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. வைத்தால் சட்டப்படி குற்றமில்லை, அது உங்கள் உரிமை. ஆனாலும் நாளைக்கு உங்கள் கணக்கு சரியென்று ஏற்கப்பட்டால், பலகை வைத்ததால்தான் என்று யாரோ பேசுவார்கள். ஒரு கேள்வி கேட்டுக் கணக்கு திரும்பி வந்தால், உங்கள் மனதே எதையெதையோ நினைக்கும். அந்தப் பேச்சும் சந்தேகமும் உங்களுக்கும் வேண்டாம், கிளார்க்குக்கும் வேண்டாம். நன்கொடைக்கும் இதையே சொல்வேன். தொகை 50 டாலரைத் தாண்டினால் கொடுத்தவர் பெயர் தேர்தல் கணக்கில் ஏறிவிடும்.

கேட்க வந்தவரிடம், "எங்கள் ஃபைல் அந்த ஆபீசில் இருக்கிறது, அதனால் பலகை வைக்கவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். நல்ல கிளார்க் என்றால் அந்தப் பதிலைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். ஒருவேளை யாராவது ஃபைலையும் ஓட்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினால், தேதி போட்டு எழுதி வையுங்கள், உடனே உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். ஓட்டுக்காக ஒருவரை மிரட்டுவது குற்றம். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். தனக்கு நலன் இருக்கும் விஷயத்தில் கிளார்க் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. அப்போது சுப்பீரியர் கோர்ட் (பெரிய வழக்குகளை விசாரிக்கும் மாநிலக் கோர்ட்) நீதிபதி அதை எடுத்துக்கொள்வார். கிளார்க் போட்ட உத்தரவு தவறென்று தோன்றினாலும் அந்த நீதிபதியிடமே மேல்முறையீடு செய்யலாம். சொத்து விஷயங்களில் அதற்கு 10 நாள்தான் அவகாசம், கவனம்.

உங்கள் தோழி சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நானும் இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். நம் ஊர் கோர்ட்டில் சிரஸ்தார் இருப்பார், தலைமை எழுத்தர் இருப்பார், பெஞ்ச் கிளார்க் இருப்பார். எல்லோரும் பரீட்சை எழுதி வேலைக்கு வந்து, பதவி உயர்ந்து, ஓய்வு பெறுகிற அரசு ஊழியர்கள். சிரஸ்தார் ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தால் நாம் சிரித்துவிடுவோம். அதனால் இங்கே ஓட்டுச்சீட்டில் 'கிளார்க்' என்ற வார்த்தையைப் பார்த்ததும், ஏதோ குமாஸ்தா வேலை என்று கடந்துபோய்விடுகிறோம்.

வட கரோலினாவில் இந்தப் பதவியின் முழுப் பெயர் கிளார்க் ஆஃப் சுப்பீரியர் கோர்ட். 100 கவுண்டிக்கும் ஆளுக்கு ஒருவர். நான்கு வருடத்துக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. உயிலை மெய்ப்பிப்பது, இறந்தவர் சொத்தை நிர்வகிக்க ஆள் நியமிப்பது போன்ற வேலைகள் 1868-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலிருந்தே இவரிடம் இருக்கின்றன. அதாவது ஃபைல் பார்க்கிறவர் மட்டுமில்லை, இந்த விஷயங்களில் நீதிபதியே இவர்தான். நாட்டின் வேறு பல மாநிலங்களிலும் கோர்ட் கிளார்க்கைத் தேர்தல் வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை இந்த அளவுக்குக் கிளார்க்கிடம் கொடுத்திருக்கும் மாநிலங்கள் குறைவு.

என்னென்ன இவர் முன்னால் வருகிறது என்று பாருங்கள். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும்போது, கடன் உண்மையா, தவணை தவறியதா, நோட்டீஸ் முறைப்படி போனதா என்று பார்த்து ஏலத்துக்கு அனுமதி கொடுப்பதோ மறுப்பதோ இவர்தான். மறதி நோய் வந்த அப்பாவால் இனி தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது என்று தீர்மானித்து கார்டியன் போடுவது இவர். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும், பெற்றோர் தொடர்ந்து பொறுப்பேற்க உத்தரவு வாங்கப் போவதும் இவரிடம்தான். நம்மவர்களில் அந்த நிலையில் இருக்கும் பெற்றோர் பலரை நான் பார்த்திருக்கிறேன், யாருக்கும் முன்னாலேயே இது தெரிந்திருப்பதில்லை. தத்தெடுப்பு இவரிடம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, நம் பெயர் எங்கோ போய் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறதே, அதைச் சரிசெய்யப் பெயர் மாற்ற மனு கொடுப்பதும் இங்கேதான். இரவில் கைதாகிறவரை முதலில் பார்த்து ஜாமீன் நிபந்தனை போடும் மாஜிஸ்திரேட்டுகள் இருக்கிறார்களே, அந்தப் பதவிகளுக்குப் பெயர்களை முன்மொழிவதும் இவர்தான். நியமிப்பது மூத்த நீதிபதி.

உங்கள் சொந்த ஃபைலையே எடுத்துக்கொள்ளுங்கள். உயில் இல்லாமல் கணவர் போனால் எல்லாம் மனைவிக்கே என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இந்த மாநிலத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், அசையும் சொத்தில் முதல் 60,000 டாலரும் மீதியில் மூன்றில் ஒரு பங்கும்தான் மனைவிக்கு. மற்றது பிள்ளைகளுக்கு. அதனால்தான் உங்கள் பெண்ணுக்கென்று ஒரு தனிப் பங்கு வந்தது, அதற்குக் கார்டியனாக நீங்கள் வந்தீர்கள், வருடக் கணக்கு வந்தது. அந்தக் கணக்கை வாங்கிப் பார்த்து, ஒரு டாலர் இடித்தாலும் கேள்வி கேட்க வேண்டியவர் இந்தக் கிளார்க். அந்த இடத்தைக் காலியாக விடலாம், விட்டாலும் சீட்டில் மற்ற ஓட்டுகள் செல்லும். ஆனால் சகோதரி, அந்தச் சீட்டில் இருக்கும் எல்லாப் பதவிகளிலும் உங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமானது இதுதான். அதைப் போய்க் காலியாக விடாதீர்கள்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

நன்றிக்காக ஓட்டுப் போடுவது தப்பில்லை. கணவரை இழந்து நிற்கும்போது, எந்த ஃபாரம் எங்கே என்று தெரியாமல் நிற்கும் ஒருத்தியை ஓர் ஆபீஸ் எப்படி நடத்துகிறது என்பது சின்ன விஷயமில்லை. அது அந்த ஆபீசைப் பற்றி நேரடியாகக் கிடைத்த சாட்சியம். நீங்கள் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது இல்லை, உங்கள் மீதே நடந்தது. அதை எடைபோடும்போது கூச்சப்பட வேண்டாம். ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் உங்களுக்கு உதவியவர் யார்? அநேகமாக ஒரு டெபுடி கிளார்க்காகவோ அசிஸ்டென்ட் கிளார்க்காகவோ இருப்பார், தேர்தலில் நிற்பவராக இருக்க மாட்டார். அவரை வேலைக்கு எடுத்தது, பழக்கியது, அப்படி நடக்க விட்டது எல்லாம் கிளார்க்தான் என்பதால் பெருமையில் அவருக்கும் பங்கு உண்டு. அந்த ஊழியர்கள் எல்லோரும் கிளார்க்கின் விருப்பத்தில் பதவியில் இருப்பவர்கள் என்பதும் சட்டம். புதிதாக ஒருவர் வந்தால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் முகங்களும் மாறலாம். புது வேட்பாளரிடம் இதை நேராகவே கேட்கலாம்: இப்போது இருப்பவர்களை வைத்துக்கொள்வீர்களா?

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கஷ்டமானது. உங்களுக்குக் கிடைத்த பொறுமை, இங்கிலீஷ் சரளமாக வராத ஒருவருக்கும், வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கும், ஏலத்துக்கு வந்த வீட்டின் சொந்தக்காரருக்கும் கிடைத்ததா? இதை வீட்டில் உட்கார்ந்து யோசித்துத் தெரிந்துகொள்ள முடியாது, போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக் கடன் ஏல விசாரணைகள் பொதுவில் நடப்பவைதான். ஒரு காலையில் போய்ப் பின்னால் உட்காருங்கள். யாரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள், கேட்டாலும் பார்க்க வந்தேன் என்றால் போதும். வீட்டுக்காரர் ஒருவர் தனியாக, வக்கீல் இல்லாமல், கையில் காகிதக் கட்டோடு வந்து நிற்பார். அவரைப் பேச விடுகிறார்களா, அவர் கொண்டுவந்த ரசீதைப் பார்க்கிறார்களா, என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியும்படி சொல்கிறார்களா என்று கவனியுங்கள். வக்கீலாக நான் பல வருடமாக இந்த அறைகளில் நின்றிருக்கிறேன். ஒரு கிளார்க்கைப் பற்றி அந்த ஒரு மணி நேரம் சொல்வதை எந்தத் தேர்தல் நோட்டீசும் சொன்னதில்லை.

அடுத்தது 24 வருடம். இந்தப் பதவிக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு கிடையாது. ஆறு முறை ஜெயித்திருக்கிறார் என்றதும் மக்கள் ஆறு முறை சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கிளார்க் தேர்தலில் எதிர்த்து ஆளே நிற்காமல் போவது சகஜம். அதில் எத்தனை முறை உண்மையான போட்டி இருந்தது என்று பாருங்கள். மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் பழைய முடிவுகள் எல்லாம் இருக்கின்றன. இந்த முறைதான் முதல் போட்டி என்றால், அவரைப் பற்றி ஊர் கேள்வி கேட்பதே இப்போதுதான் என்று அர்த்தம்.

அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிளார்க்காக வர வக்கீலாக இருக்க வேண்டும் என்று இந்த மாநிலச் சட்டம் கேட்பதில்லை. டெபுடியாகச் சேர்ந்து, ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்து, படிப்படியாக மேலே வந்த கிளார்க்குகள் நிறையப் பேர். அவர்களில் சிலருக்குச் சொத்துச் சட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரியும், பாதி வக்கீல்கள் அவர்களிடம்தான் கற்றுக்கொள்கிறார்கள். நானே அப்படிக் கற்றவள். எதிர்த்து நிற்பவர் வக்கீல் என்பது ஒரு தகுதிதான், ஏனென்றால் தீர்ப்புச் சொல்கிற வேலை இது. ஆனால் வேலையில் இன்னொரு பாதி, ஆட்களையும் பணத்தையும் தேதிகளையும் கட்டி மேய்ப்பது. அதில் அவருக்கு என்ன அனுபவம் என்று கேட்க வேண்டும்.

தேங்கிக் கிடக்கிறது என்ற குற்றச்சாட்டு இருக்கிறதே, அதை இரண்டு பக்கமும் நம்ப வேண்டியதில்லை, சரிபார்க்கலாம். சொத்தை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், அப்புறம் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரைத் துரத்திப் பிடித்து வாங்குவது கிளார்க்கின் கடமை, கேட்காதவரை நீக்கவும் முடியும். இதில்தான் பல கவுண்டிகளில் கோட்டை விடுகிறார்கள். மாநில ஆடிட்டர் கிளார்க் ஆபீஸ்களைத் தணிக்கை செய்து அறிக்கை வெளியிடுகிறார், அவற்றில் இந்தக் குறை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: பட்டியல் வரவில்லை, கணக்கு வரவில்லை, கிளார்க் நோட்டீஸ் அனுப்பவில்லை. ஏதோ காகித விஷயம் என்று தோன்றும். அந்தக் கணக்கு வராத ஃபைலுக்குப் பின்னால் ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ, அப்பா அம்மா இல்லாத பிள்ளையின் பணத்தை எடுத்துச் செலவு செய்துகொண்டிருக்கலாம். கேட்க வேண்டியவர் கேட்காவிட்டால், அந்தப் பிள்ளைக்கு 18 வயதாகும்போது வெறும் ஃபைல்தான் மிஞ்சும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், அப்படிப்பட்ட பிள்ளைகள் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் கவுண்டி கிளார்க் ஆபீசைப் பற்றி ஆடிட்டர் அறிக்கை இருக்கிறதா என்று ஆடிட்டரின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இருந்தால், குறை சொன்னதற்குக் கிளார்க் எழுதிய பதிலையும் படியுங்கள். ஆள் பற்றாக்குறை என்று மட்டும் எழுதினாரா, என்ன செய்யப்போகிறேன் என்றும் எழுதினாரா என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் பழையவருக்கு நியாயம் செய்ய வேண்டும். இந்த மாநிலத்தில் கோர்ட் ஃபைல்கள் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியது சமீபத்தில்தான். 2023 பிப்ரவரியில் நான்கு கவுண்டிகளில் தொடங்கி, 2025 அக்டோபரில்தான் 100 கவுண்டிகளும் முடிந்தன. மாறிய ஒவ்வொரு இடத்திலும் முதல் சில மாதங்கள் வேலை தடுமாறியது, வக்கீல்களாகிய நாங்களும் தடுமாறினோம். அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததும் தேதி குறித்ததும் மாநில அளவில் நடந்தது, உங்கள் கிளார்க் கையில் இல்லை. அந்த மாதங்களின் தேக்கத்தை மட்டும் காட்டி அவரைக் குற்றம் சொன்னால் அது நியாயமில்லை. அதற்கு முன்பும் தேங்கியிருந்ததா, இப்போது சரியாகிவிட்டதா என்பதுதான் கேள்வி. உங்களுக்கே ஒரு அளவு இருக்கிறது: முதல் வருடக் கணக்குக்கு எத்தனை நாளில் பதில் வந்தது, இரண்டாவதற்கு எத்தனை நாள்?

பையன் சொன்னதற்குச் சுருக்கமாகப் பதில். இங்கே கிளார்க் கட்சிச் சின்னத்தோடுதான் நிற்கிறார், எனவே கட்சி பார்ப்பது அவன் உரிமை. ஆனால் ஒரே கோட்டில் கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப் போடும் வசதியை இந்த மாநிலம் 2014 தேர்தலிலிருந்தே எடுத்துவிட்டது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக வட்டத்தை நிரப்ப வேண்டும். கார்டியன் நியமனத்திலோ உயிலிலோ எந்தக் கட்சிக்கும் தனிக் கொள்கை இருப்பதாக நான் பார்த்ததில்லை. என் ஓட்டை இந்த ஒரு பதவிக்குக் கட்சி பார்த்துப் போடுவதில்லை.

பக்கத்து மாநிலமான தென் கரோலினாவில் நடந்ததையும் நினைவில் வையுங்கள். கோலட்டன் கவுண்டியில் 2023-ல் நாடே பார்த்த ஒரு கொலை வழக்கு நடந்தது. தீர்ப்பை வாசித்தவர் அந்தக் கவுண்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட கிளார்க். ஜூரர்களிடம் தவறாகப் பேசினார் என்று குற்றவாளித் தரப்பு அவர் மேல் புகார் சொன்னது, 2024 மார்ச்சில் அவர் பதவியை விட்டு விலகினார். ஜூரிகளைப் பார்த்துக்கொள்வதும் கிளார்க் வேலைதான். ஒரு பெரிய வழக்கின் நம்பகத்தன்மையே அந்த ஒரு பதவியில் இருப்பவரின் நடத்தையில் தொங்கியது. தோழியிடம் இதைச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, ஆடிட்டர் அறிக்கையில் பெரிய குறை இல்லை, விசாரணை அறையில் ஏழையையும் மதிக்கிறார், கணக்குகள் நகர்கின்றன என்று தெரிந்தால், தயங்காமல் அந்தப் பழையவருக்கே போடுங்கள். உங்கள் நன்றியும் அப்போது சரியான இடத்தில்தான் இருக்கும். கணக்கு வராத ஃபைல்கள் வருடக்கணக்கில் கிடக்கின்றன என்று தெரிந்தால், உங்களிடம் அன்பாக இருந்தார் என்பதற்காக மட்டும் போடாதீர்கள். அவருக்குக் கைப்பட ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள், ஓட்டை மற்றவருக்குப் போடுங்கள். உங்கள் கவுண்டியை நான் அறியேன், அதனால் இதற்குமேல் பெயர் சொல்லி வழிகாட்ட மாட்டேன்.

கடைசியாகப் பெண். தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெற்றோரோடு ஓட்டுச்சாவடிக்குள் வரலாம். புகைப்பட அடையாள அட்டையை மறக்காதீர்கள். மாதிரி ஓட்டுச்சீட்டு தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டாலே வரும், முந்தின நாள் இரவு இருவரும் உட்கார்ந்து படித்துவிடுங்கள். கிளார்க் பதவி சீட்டில் மற்ற பெரிய பதவிகளுக்குப் பின்னால்தான் வரும், இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். முதல் ஓட்டு என்று சந்தோஷத்தில் நிரப்பிய சீட்டைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டாம், இந்த மாநிலத்தில் அதனால் சட்டச் சிக்கல் வரலாம். வெளியே வந்தபின் ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கும் ஸ்டிக்கரை உங்கள் பெண்ணின் சட்டையில் ஒட்டி, அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.